உலோக நானோ கொத்தின் மீது ஆக்சிஜன்: வீட்டுக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் முறை

காற்று பட்டவுடன் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்ளும் உலோகம் அலுமினியம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் 13 அலுமினிய அணுக்களோடு கூடுதலாக ஓர் எலக்ட்ரானும் சேர்ந்த எதிர்மின் கொத்தை ஆக்சிஜன் வாயுவோடு கலந்தால், அது ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. 12 அணுக்களோ 14 அணுக்களோ கொண்ட எதிர்மின் கொத்துகள் அதே குழாயில், அதே வாயுவில் அரிக்கப்பட்டு மறைகின்றன. 1989இல் காசில்மன் குழுவினர் நிறை நிறமாலையில் கண்ட இந்த வேறுபாட்டுக்கு உலோகத்தின் பெயர் காரணமாக இருக்க முடியாது. கொத்தில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அவற்றுள் இணை சேராதவை எத்தனை என்ற இரண்டு கேள்விகளே அங்கே முடிவைத் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டு கேள்விகளையும் முறையாகக் கேட்டு, ஆக்சிஜன் ஒரு கொத்தோடு எவ்வாறு வினைபுரியும் என்பதைக் கணக்கிடும் வழி இங்கே விளக்கப்படுகிறது.

வியாசர்பாடியிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் உள்ள கல்லூரிகளில் முதுநிலை வேதியியல் படிப்பவர்கள், இறுதிப் பருவத் திட்டப்பணிக்கு இத்தலைப்பைத் தயங்காமல் எடுக்கலாம். கொத்துகளைக் கற்றையாக உருவாக்கி எடைபோடும் கருவிகள் நம் பக்கத்துக் கல்லூரிகளில் கிடையாது என்றாலும், 16 ஜிபி நினைவகமும் நான்கு உள்ளகங்களும் கொண்ட சாதாரணக் கணினியில் பத்துப் பதினைந்து அணுக்கள் வரை தாராளமாகக் கணக்கிட முடியும். கல்விப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆர்கா என்னும் குவாண்டம் வேதியியல் மென்பொருள் மின்சுமை கொண்ட கொத்துகளுக்கு வசதியானது. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோவும் நல்ல மென்பொருளே. ஆனால் அது கொத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து எல்லாத் திசைகளிலும் திரும்பத் திரும்ப அடுக்கிக் கணக்கிடுவதால், எதிர்மின் கொத்துக்குத் தனித் திருத்தம் தேவைப்படும். அமைப்புகளை வரைய அவகாட்ரோ போதும். கோடையில் மின்சாரம் போய்ப் போய் வரும் தெருவாக இருந்தால், நல்ல மின்கலத்தோடு யுபிஎஸ் ஒன்றை முதலில் வாங்கிவிடுங்கள். இரவு முழுவதும் ஓடிய கணக்கு விடியற்காலையில் அறுந்துபோவதைவிட எரிச்சலான விஷயம் இந்தத் துறையில் குறைவு. ராயபுரம், காசிமேடு போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று கணினியின் செப்பு முனைகளில் பச்சை படியவைக்கும் என்பதால் கணினியை ஜன்னலோரம் வைக்க வேண்டாம்.

முதலில் எலக்ட்ரான்களை எண்ணுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே தாளில் முடிக்க வேண்டிய வேலை இது. அலுமினியத்துக்கு மூன்று இணைதிற எலக்ட்ரான்கள். 13 அணுக்களுக்கு 39. எதிர்மின்சுமைக்காக ஒன்றைச் சேர்த்தால் 40. உலோகக் கொத்தின் எலக்ட்ரான்கள் ஒரே கோளத்துக்குள் பகிரப்பட்டுக் கூடு கூடாக நிரம்புகின்றன என்று கருதும் ஜெல்லியம் மாதிரியில் 2, 8, 18, 20, 34, 40, 58 ஆகிய எண்கள் கூடு நிரம்பும் எண்கள். 1984இல் சோடியக் கொத்துகளின் நிறமாலையில் 8, 20, 40, 58 ஆகிய இடங்களில் முகடுகள் உயர்ந்து நின்றதிலிருந்து இந்தப் பார்வை வேரூன்றியது. எனவே பதின்மூன்று அணு எதிர்மின் கொத்து, கூடு நிரம்பிய, எல்லா எலக்ட்ரான்களும் இணை சேர்ந்த ஒற்றை நிலைக் கொத்து. 12 அணுக்களுக்கு 37, 14 அணுக்களுக்கு 43 என ஒற்றைப்படை எண்கள் வருவதால், அவற்றில் குறைந்தது ஓர் எலக்ட்ரானாவது தனித்து நிற்கும்.

தங்கத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிது. அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரணு, நாலணு, ஆறணு எதிர்மின் தங்கக் கொத்துகளில் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒற்றைப்படை. அவை ஒரே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்கின்றன. மூவணு, ஐயணுக் கொத்துகள் பிடிப்பதில்லை. இருபது அணுக்கள் வரை இந்த ஒழுங்கு நீடிக்கிறது என்றாலும் 16 மட்டும் விலக்கு. அதன் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒற்றைப்படைதான். ஆனால் அந்த எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படுகிறது. ஈரணுக் கொத்துக்கு அதே வேலைக்கு 2 எலக்ட்ரான் வோல்ட்தான் ஆகும். ஆக்சிஜன் மூலக்கூறின் எலக்ட்ரான் நாட்டம் வெறும் 0.45 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்காத கொத்தோடு அது பிணைய வழியில்லை. ஆகவே எண்ணிக்கை, இணை சேராமை ஆகியவற்றோடு எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் ஆற்றலையும் மூன்றாவது பத்தியாக உங்கள் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அட்டவணை இல்லாமல் கணக்கைத் தொடங்குபவர்கள், பின்னர் வரும் எண்ணைச் சரியா தவறா என்று சொல்ல முடியாமல் திண்டாடுவார்கள்.

ஆக்சிஜனைத் தனியாகச் சோதியுங்கள்

இந்தக் கட்டத்தில்தான் மிக அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான பிழைகள் கொத்தில் அல்ல, இரண்டே அணுக்கள் கொண்ட ஆக்சிஜனில்தான் புகுகின்றன. ஆக்சிஜன் மூலக்கூறின் அடிநிலையில் இரண்டு எதிர் பிணைப்பு பை ஆர்பிட்டால்களில் தலா ஓர் எலக்ட்ரான், ஒரே திசைத் தற்சுழற்சியோடு இருக்கின்றன. இதனால்தான் திரவ ஆக்சிஜன் காந்த முனைகளுக்கிடையே தொங்கி நிற்கிறது. உள்ளீட்டுக் கோப்பில் இதன் மின்சுமை 0, தற்சுழற்சிப் பன்மை 3. பன்மை என்பது இணை சேராத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுவதே. மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் 1 என்ற பன்மையிலேயே விட்டுவிட்டால் கணக்கு எந்தப் புகாரும் இல்லாமல் முடியும்; ஆனால் ஆக்சிஜனின் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்டுக்கும் மேலாக உயர்ந்திருக்கும். அதை அடிப்படையாக வைத்து, ஆக்சிஜன் கொத்தில் எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்று சொல்லும் பரப்புக் கவர்தல் ஆற்றலைக் கணக்கிட்டால், எந்த உலோகமும் ஆக்சிஜனை ஆவலோடு பிடித்துக்கொள்வதாகவே தெரியும். எல்லாக் கொத்தும் வலுவாகப் பிணைகிறது என்று ஒரு திட்ட அறிக்கை சொன்னால், நான் முதலில் புரட்டிப் பார்ப்பது ஆக்சிஜனின் உள்ளீட்டுக் கோப்பைத்தான்.

கணக்கு முடிந்ததும் வெளியீட்டுக் கோப்பில் மூன்று இடங்களைப் பாருங்கள். பிணைப்பு நீளம் 1.21 முதல் 1.23 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும். மொத்தத் தற்சுழற்சியின் வர்க்க மதிப்பு 2.00க்கு மிக அருகில் இருக்க வேண்டும். இரட்டை நிலைக்கு (பன்மை 2) அது 0.75, நான்மை நிலைக்கு (பன்மை 4) 3.75 என்பதையும் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். மூன்றாவதாக, தனி ஆக்சிஜன் அணுவையும் மும்மை நிலையில் (பன்மை 3) கணக்கிட்டு, மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றலைக் காணுங்கள். சோதனை மதிப்பு 5.2 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்க, பிபிஇ என்னும் பரவலான சார்பியம் (எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைத் தரும் தோராயச் சூத்திரம்) 6.2 அளவில் காட்டும். இது உங்கள் பிழையன்று. அந்தச் சார்பியத்தின் பெயர்போன குறை.

ஆக்சிஜன் உடையாமல் முழு மூலக்கூறாகவே கொத்தில் ஒட்டுமானால், இந்த மிகைப்பிணைப்பு சமன்பாட்டின் இருபுறமும் ஏறத்தாழ இருப்பதால் பெரும்பகுதி கழிந்துவிடும். அது உடைந்து இரண்டு அணுக்களாக உலோகத்தில் அமருமானால் பிழை கழியாது. முழுப் பிழையும் விடைக்குள் வந்து சேரும். அத்தகைய வினைகளுக்கு நீர், ஹைட்ரஜன் ஆகியவற்றின் கணக்கிட்ட ஆற்றல்களையும், இரண்டு நீர் மூலக்கூறுகள் உருவாவதன் சோதனைக் கட்டற்ற ஆற்றலாகிய 4.92 எலக்ட்ரான் வோல்டையும் கொண்டு ஆக்சிஜனின் ஆற்றலைப் பின்னோக்கிக் கண்டறியும் உத்தியைப் பின்பற்றலாம். பூச்சிய நிலை அதிர்வையும் என்ட்ரோப்பியையும் அதில் சேர்க்க மறக்கக் கூடாது.

கொத்தைத் தனியாக உகந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது பொறுமை வேண்டும் வேலை, சூட்சுமம் அதிகமில்லை. குறைந்தது மூன்று நான்கு வெவ்வேறு தொடக்க வடிவங்களிலிருந்து ஆரம்பியுங்கள். சிறிய எதிர்மின் தங்கக் கொத்துகள் தட்டையானவை என்பதையும், 13 அலுமினியம் மையத்தில் ஓர் அணுவும் சுற்றிலும் பன்னிரண்டு அணுக்களும் கொண்ட இருபது முகத் திண்மம் என்பதையும் அறிந்து தொடங்கினால் நேரம் மிச்சமாகும். தங்கத்துக்குச் சார்பியல் விளைவுகளை உள்ளடக்கிய போலி ஆற்றல் (உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக வைக்கும் மாற்று) கட்டாயம். எதிர்மின் கொத்துக்கு விரிந்த அடிச்சார்புகளும் (ஆர்பிட்டால்களைக் கட்டமைக்கும் கணிதச் சார்புகள்) கட்டாயம்.

இரண்டையும் சந்திக்க வைத்தல்

ஈரணு எதிர்மின் தங்கக் கொத்தை எடுத்துக்கொள்வோம். முதன்முறையாகச் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. தங்கக் கொத்து இரட்டை நிலை, ஆக்சிஜன் மும்மை நிலை. இவை சேரும்போது இரட்டை நிலையும் வரலாம், நான்மை நிலையும் வரலாம். இரண்டையும் கணக்கிட வேண்டும். உள்ளீட்டில் மின்சுமை −1 என்று எழுதி, பன்மையை ஒரு கோப்பில் 2 என்றும் இன்னொரு கோப்பில் 4 என்றும் வையுங்கள். ஆக்சிஜனை இரண்டு விதமாக வைத்துப் பாருங்கள்: ஒரு முனை மட்டும் தங்கத்தைத் தொடுமாறு சாய்வாகவும், இரண்டு அணுக்களும் ஒரே தொலைவில் இருக்குமாறு பக்கவாட்டிலும். உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே தொடக்கத் தொலைவு 2.2 ஆங்ஸ்ட்ராம் இருக்கட்டும். அதோடு 3.5 ஆங்ஸ்ட்ராமிலிருந்து தொடங்கும் கணக்கு ஒன்றையும் கட்டாயம் ஓடவிடுங்கள். மிக நெருக்கமாக வைத்துத் தொடங்கினால் ஆக்சிஜன் பிணைந்த விளைபொருள் கிடைத்துவிடும். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு இடையில் தடை இருந்ததா என்பது மறைந்துபோகும்.

முடிவில் சாய்வாக ஒட்டிய இரட்டை நிலை அமைப்பு தாழ்ந்திருக்கக் காண்பீர்கள். அந்த வெளியீட்டை நிதானமாகப் படியுங்கள். ஆக்சிஜன்–ஆக்சிஜன் தொலைவு 1.21இலிருந்து 1.3க்கு மேல் நீண்டிருக்கும். கொத்திலிருந்து எலக்ட்ரான் ஆக்சிஜனின் எதிர் பிணைப்பு ஆர்பிட்டாலுக்குச் சென்று, அங்கே தனித்திருந்த இரண்டில் ஒன்றோடு இணை சேர்ந்திருக்கிறது. மிச்சமுள்ள ஒன்றே மொத்தத் தற்சுழற்சியாகக் காட்டப்படுகிறது. அணுவாரியாகப் பார்த்தால் அதன் பெரும்பகுதி இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் மேல் இருக்கும். இதுவே சூப்பராக்சைடு வகைப் பிணைப்பு. தொலைவு 1.33 ஆங்ஸ்ட்ராமைச் சுற்றி இருந்தால் சூப்பராக்சைடு, 1.45க்கு மேல் போய்த் தற்சுழற்சியும் மறைந்துவிட்டால் பெராக்சைடு, 2 ஆங்ஸ்ட்ராமையும் தாண்டிவிட்டால் பிணைப்பு முறிந்தது என்று வகைப்படுத்தலாம். அதிர்வெண்ணும் இதையே சொல்லும்: தனி மூலக்கூறில் சென்டிமீட்டருக்கு 1556 என்றிருப்பது, சூப்பராக்சைடில் 1100ஐ ஒட்டியும் பெராக்சைடில் 800 முதல் 900 வரையிலும் இறங்கும். அதிர்வெண் கணக்கில் எதிர்க்குறியோடு ஏதாவது எண் வந்தால் நீங்கள் நிற்பது பள்ளத்தில் அல்ல, மேட்டில்; அமைப்பைச் சற்றே அசைத்து மீண்டும் உகந்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தற்சுழற்சியின் வர்க்க மதிப்பு 0.75க்குப் பதிலாக 1.2, 1.5 என்று வந்தால், இரட்டை நிலையோடு நான்மை நிலை கலந்திருக்கிறது என்று பொருள். தொலைவில் நிற்கும் ஆக்சிஜனுக்கு இது இயல்பு. அருகே பிணைந்த அமைப்பிலும் இது தொடர்ந்தால் ஆற்றலை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அலுமினியத்துக்குத் திரும்பினால் கதை மாறுகிறது. பதின்மூன்று அணு எதிர்மின் கொத்து ஒற்றை நிலை. ஆக்சிஜன் மும்மை நிலை. சேர்ந்து வருவது மும்மை. ஆனால் வினை முடியும்போது கொத்து நான்கு அணுக்களை இழந்து, இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் தலா இரண்டு அலுமினியத்தோடு சேர்ந்து வெளியேறுகின்றன. அந்த விளைபொருள்கள் எல்லாம் ஒற்றை நிலை. ஆகவே வழியில் எங்கோ ஓர் எலக்ட்ரான் தன் தற்சுழற்சியைத் திருப்பிக்கொண்டாக வேண்டும். அலுமினியம் இலேசான அணு. அதில் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் உள்ள பிணைப்பு மிகக் குறைவு. எனவே அந்தத் திருப்பம் அரிதாகவே நிகழ்கிறது. ஒற்றைப்படை எலக்ட்ரான் கொண்ட கொத்துக்கு இந்தத் தடை கிடையாது. தொடக்கமும் முடிவும் இரட்டை நிலையாகவே இருக்க முடியும். 2008இல் ஷ்னோக்கெல், போவன் உள்ளிட்டோர் இந்தத் தற்சுழற்சி விளக்கத்தை உறுதிப்படுத்தினர்.

இதைக் கணினியில் காண, கொத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடைப்பட்ட தொலைவை 4 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.8 வரை சிறு படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் மும்மை நிலை, ஒற்றை நிலை இரண்டின் ஆற்றலையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். தொலைவில் மும்மை தாழ்ந்தும், நெருக்கத்தில் ஒற்றை நிலை தாழ்ந்தும் இருக்கும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே உங்கள் ஆய்வின் மையப்புள்ளி. அது தொடக்க ஆற்றலைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை எழுதுங்கள். நேரமிருந்தால் கொத்தில் ஒரு ஹைட்ரஜன் அணுவை ஒட்டவைத்து எலக்ட்ரான் எண்ணிக்கையை 41 ஆக்கிவிட்டு, அதே வரைபடத்தை இரட்டை, நான்மை நிலைகளுக்கு மீண்டும் வரையுங்கள். இந்த ஒப்பீடு பத்துப் பக்க விளக்கத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

எண்ணைச் சென்னையின் வெப்பநிலைக்குக் கொண்டுவருதல்

பரப்புக் கவர்தல் ஆற்றல் என்பது கொத்தும் ஆக்சிஜனும் சேர்ந்த அமைப்பின் ஆற்றலிலிருந்து இரண்டின் தனி ஆற்றல்களையும் கழித்து வருவது. எதிர்க்குறி வந்தால் பிணைப்பு சாதகம். இந்த மதிப்பு தனிச்சுழி வெப்பநிலைக்கு உரியது என்பதை மறந்து பலர் அப்படியே முடிவுரை எழுதிவிடுகிறார்கள். வாயுவாகத் திரிந்த மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும்போது தன் என்ட்ரோப்பியில் பெரும்பகுதியை இழக்கிறது. 298 கெல்வினில் ஆக்சிஜனின் என்ட்ரோப்பி ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 205 ஜூல். வெப்பநிலையால் பெருக்கினால் 61 கிலோஜூல், அதாவது 0.63 எலக்ட்ரான் வோல்ட். மே மாதத்து 40 டிகிரியில் இது 0.67 ஆகும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதமே என்பதற்கு இன்னொரு 0.04 சேர்த்தால் 0.71. ஒட்டிய நிலையில் மிஞ்சும் அதிர்வுகள் இதைச் சற்றே குறைக்கும் என்றாலும், உங்கள் கணக்கில் −0.4 என்று வந்த பிணைப்பு திருவொற்றியூர்க் காற்றில் நிலைக்காது என்று துணிந்து சொல்லலாம்.

கொத்து பெரிதாகும்போது எலக்ட்ரான் எண்ணிக்கையின் ஒற்றைப்படை–இரட்டைப்படை வேறுபாடு மங்கி, வடிவம் முன்னுக்கு வருகிறது. இருபது முக அடுக்குகளில் 55 அணுக்களில் 42, 147இல் 92, 309இல் 162 அணுக்கள் பரப்பில் இருக்கின்றன. உச்சியில் உள்ள அணுவுக்கு ஆறு அண்டை அணுக்கள், விளிம்பில் எட்டு, முகத்தில் ஒன்பது. அண்டை அணுக்கள் குறையக் குறைய உலோகத்தின் டி எலக்ட்ரான் ஆற்றல் மட்டங்களாகிய டி பட்டையின் மையம் மேலேறி, ஆக்சிஜன் வலுவாகப் பிணையும். 1987இல் ஹருதா ஆக்சைடின் மீது படிந்த தங்க நானோ துகள்கள் கார்பன் மோனாக்சைடை உறைநிலைக்குக் கீழேயே ஆக்சிஜனேற்றம் செய்வதைக் காட்டியபோது வியப்பு எழுந்ததற்குக் காரணம், பருத்த தங்கம் இதைச் செய்வதில்லை என்பதே. ஆனால் அங்கே துகளின் அளவோடு, துகளும் ஆக்சைடும் சந்திக்கும் ஓரமும் பங்கேற்கிறது. வெற்றிடத்தில் மிதக்கும் உங்கள் கொத்தைக் கொண்டு அதை விளக்க முயல வேண்டாம். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வினையூக்கிகளோடு பணிபுரியப் போகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும்.

குப்பியில் உள்ள கொத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அணு எண்ணிக்கை துல்லியமாகத் தெரிந்த, தயோலேட்டுகளால் (கந்தகம் வழியே உலோகத்தில் ஒட்டும் கரிம மூலக்கூறுகள்) போர்த்தப்பட்ட கொத்துகள் குறித்து ஐ.ஐ.டி. மெட்ராசில் பேராசிரியர் பிரதீப்பின் குழு நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறது. இவ்வகையில் பேர்பெற்றது 25 தங்க அணுக்களும் 18 தயோலேட்டுகளும் கொண்ட எதிர்மின் கொத்து. 25இலிருந்து 18ஐக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 8 என்று அதுவும் கூடு நிரம்பியதே. இருந்தும் கரைசலில் காற்று பட்டால் அது ஓர் எலக்ட்ரானை இழந்து நடுநிலையாகி, செம்பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறுகிறது. ஆக்சிஜன் பரப்பில் அமர்ந்து ஆக்சைடு உருவாகும் வினையன்று இது; எலக்ட்ரான் கைமாறுவது மட்டுமே. நிற மாற்றத்தைக் கண்டவுடன் ஆக்சைடு என்று எழுதிவிடக் கூடாது. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் பெரும்பாலும் ஆக்சிஜனால் அல்ல, காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடால் என்பதை இங்கே நினைவில் வைத்தால் போதும். உலர்ந்த அலுமினிய, இரும்பு நானோ பொடிகளை வாங்கி வீட்டில் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். அவை காற்றில் தாமாகவே தீப்பற்றக்கூடியவை.

அறிக்கையில் ஒவ்வோர் ஆற்றல் மதிப்புக்கும் எதிரே மின்சுமை, பன்மை, தற்சுழற்சி வர்க்க மதிப்பு, சார்பியம், அடிச்சார்பு ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். உகந்த வடிவங்களின் ஆயத்தொலைகளைப் பின்னிணைப்பாகக் கொடுங்கள். வெளித் தேர்வாளர் தன் கணினியில் அவற்றை ஓட்டிப் பார்த்தால், கடைசி தசம இடம் தவிர மற்றெல்லாம் உங்கள் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.